லவினாவை யாரும் வெளியே அனுப்பவில்லை

விரட்டிவிட்டார்கள் என்று சொல்கிற வாயை முதலில் மூட வேண்டும். யாரும் யாரையும் விரட்டவில்லை. லவினா தானாக எழுந்தாள், நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள், தன் காலால் நடந்து கதவைத் தாண்டி வந்தாள். அந்த நாற்காலியைக் கவனிக்க வேண்டும். விரட்டப்பட்டவள் நாற்காலியை ஒழுங்காக வைத்துவிட்டா வருவாள்?

ஆனால் ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் சரோஜம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை மாற்ற கோர்ட்டாலும் ஆகாது. ஒரு குடம் நிரம்புவதற்குள் குழாயடி முழுக்கப் பரப்பிவிட்டாள்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா. இது முன்னால தலைய குனிஞ்சிகினு போவுது, பின்னாலயே ஸ்கூல் ப்யூன் ஹரோல்ட் அது சாமான தூக்கிகினு வரான். இன்னா அர்த்தம் அதுக்கு? மூட்ட கட்டி அனுப்பிட்டாங்க!"

கண்ணால் பார்த்தது பொய்யில்லை. லவினா தலை குனிந்துதான் நடந்தாள். ஹரோல்ட் பின்னால்தான் வந்தான். தோளில் பெட்டியும் இருந்தது. ஆனால் பார்ப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. அந்தப் பெட்டி எப்படி ஹரோல்ட் தோளுக்கு வந்தது என்பதை முதலிலிருந்து கேட்டால்தான் விளங்கும்.

லவினா யார் என்று கேட்டால், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாஃப்ட்டில் மணியடித்த ஏனோக்கின் ஒரே மகள். வயது நாற்பத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை பெண் பார்க்க வந்தவர் பேசிய இங்கிலீஷை, காபி ஆறுவதற்குள் மூன்று இடத்தில் திருத்தினாள். அவர் பிஸ்கட்டைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

பதினொரு வருஷம் டீச்சராக இருந்தாள். பிறகு ஆறு வருஷம் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். என்ன வேலை? டீச்சர்களுக்குப் பாடம் நடத்துகிற வேலை. இதைச் சொன்னால்தான் லைனில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"டீச்சருக்கே டீச்சரா? அப்ப உனக்கு யாரும்மா டீச்சரு?" என்பாள் சரோஜம்மா.

சிரிக்க ஒன்றுமில்லை. தனியார் பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் எழுப்பிப் பெயர்ப்பலகை மாட்டினால் போதுமா? டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் எப்படி எழுதுவது, கேள்வித்தாளை எப்படிப் போடுவது, கல்வித்துறை ஆபீசர் வந்தால் எந்த ஃபைலை எடுத்து நீட்டுவது, வந்த கடிதத்தில் முதலில் என்ன செய்வது, எல்லாவற்றையும் யாராவது சொல்லித்தர வேண்டும். அதைத்தான் லவினா செய்தாள். கையில் ஒரு தாள் வைத்திருப்பாள். அதில் நாற்பது கட்டம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக டிக் போடுவாள். நாற்பதுக்கு எத்தனை என்று கடைசியில் எழுதுவாள். அந்தத் தாளை அவளே தயாரித்தாள். பெற்ற பிள்ளையைப் போல அதன்மேல் அவளுக்கு நம்பிக்கை.

போன ஜூன் மாதம் கம்பெனியை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினாள். ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்தாள். லைனில் ஆளுக்கொன்று கொடுத்தாள். சரோஜம்மா அதை மாவு டப்பா மூடி இறுகுவதற்குச் செருகி வைத்திருக்கிறாள்.

முதல் வேலை உள்ளூரிலேயே கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடிப் பள்ளிக்கூடம். பலகையில் நீளமாக என்னவோ எழுதியிருக்கும். ஊருக்கு அது மனோகர் ஸ்கூல். கரஸ்பாண்டென்ட் மனோகர் நான்கு மாதத்துக்குப் பேசினார். டீச்சர்களுக்குப் பயிற்சி, ஆபீஸுக்குப் பயிற்சி, ஆபத்து வந்தால் பிள்ளைகளை வெளியேற்ற ஒரு ஒத்திகை. கடைசியில் ஒவ்வொரு டீச்சரைப் பற்றியும் லவினா கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். இது நல்லபடி முடிந்தால் பங்காருபேட்டையிலும் பேத்தமங்களாவிலும் இருக்கும் அவருடைய பள்ளிக்கூடங்களும் அவளுக்கே. முடியாவிட்டால் மறுபடியும் விடியற்கால ரயில், நின்றுகொண்டே போகிற பயணம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஜெயசீலி டீச்சர். இருபத்துநான்கு வருஷமாக அதே வகுப்பு. பயிற்சி நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

லவினா சுவரில் படம் காட்டுவதை நிறுத்தினாள். "டீச்சர், ட்ரெய்னிங் நடக்குது."

"நடக்கட்டும்மா. காதால தான கேக்கணும்? கை சும்மாதான கீது."

மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லவினாவுக்குக் காது மடல் சிவந்தது. அன்றே இரண்டு கட்டத்துக்கு டிக் விழவில்லை, இரண்டு மார்க் போனது.

அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்குள் போனால், வாசலை ஒட்டிச் சுவரில் ஒரு பழைய பலகை. அதில் முப்பத்தெட்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஓட்டை போட்ட ஒரு பாட்டில் மூடி, மூடிமேல் நம்பர். காலையில் உள்ளே வருகிற பிள்ளை தன் மூடியை மாட்ட வேண்டும். வெளியே போகும்போது, ஒன்றுக்குப் போனாலும் சரி, வீட்டுக்குப் போனாலும் சரி, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இது இன்னா டீச்சர் குப்ப?" என்றாள் லவினா.

"குப்பையா? நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு ஜெயசீலி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி. அதற்கும் மார்க் போனது.

லவினாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. இறங்கினவன் டோக்கன் கணக்கில் நிற்கும், மேலே வந்தால் திரும்பும். ஒரு டோக்கன் பாக்கி நின்றாலும் மணியடிக்கிற ஏனோக் வீட்டுக்கு வரமாட்டார். சோறு ஆறிப்போகும். அந்த ஆறின சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள் லவினா. ஆனால் அவள் தலைக்குள் அன்று நாற்பது கட்டம்தான் இருந்தது. "வகுப்பறையில் வேண்டாத பொருள்" என்று எழுதி இரண்டு மார்க் குறைத்தாள்.

ஜெயசீலிக்கு மொத்தம் பதினேழு. பள்ளியிலேயே கடைசி.

பதினேழு என்று கேட்டதும் மனோகர் முகத்தில் கல்யாண வீட்டு வெளிச்சம் வந்தது. "நான் நெனச்சேன் மேடம். அந்த ஒரு சம்பளத்துல ரெண்டு சின்னப் பொண்ணுங்கள போடலாம். ஆனா சும்மா அனுப்பினா பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க. வெளிய இருந்து வந்த எக்ஸ்பர்ட் எழுதிக் குடுத்தா யாரு கேப்பாங்க?"

லவினா டீயைக் கீழே வைத்தாள். அவள் தாள் டீச்சர்களைத் திருத்துவதற்கு என்றுதான் நினைத்திருந்தாள். கத்தரிக்கோல் என்று அதுவரை நினைக்கவில்லை. ஆனாலும் பூண்டு ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டாள். அது அவள் தப்புதான். அதை யாரும் மறைக்கவில்லை.

பிறகு வந்ததுதான் அந்தப் புதன்கிழமை.

ஒத்திகைக்கு மணி வேண்டும். எலக்ட்ரிக் பெல்லை நம்ப முடியாது, கரண்ட் போனால் ஊமை. அதனால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பது என்று முடிவானது. அந்தத் துண்டும் பழைய சுரங்கத்து இரும்புதான்.

ஹரோல்ட் சுத்தியலோடு வந்து கேட்டான். "எத்தன அடி மேடம்?"

"ஒம்போது," என்றாள் லவினா.

யோசிக்கவே இல்லை. மூன்று என்று சொல்லியிருக்கலாம், பத்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்தது ஒன்பது. ஏனோக் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறெது வரும்? ஆள் ஏறுகிற இரும்புக் கூண்டை, கேஜை, இறக்கவும் ஏற்றவும் அவர் அடித்த மணிக்கணக்கு வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்திருந்தது. கரண்டியால் தட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் போடு. ஒன்பது மட்டும் வீட்டில் யாரும் தட்டியதில்லை. ஒன்பது என்றால் கீழே ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

ஷாஃப்ட்டை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. காதை யாரும் மூடவில்லை.

பத்தரை மணிக்கு ஹரோல்ட் நிறுத்தி நிதானமாக ஒன்பது அடி அடித்தான். நான்காவது அடியில் லைன் வீடுகளில் கதவு திறந்தது. ஆறாவதில் செருப்பைத் தேடினார்கள். ஒன்பதாவது விழுந்தபோது பென்ஷன்காரர்கள் நாற்பது பேர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கயிறு எடுத்திருந்தார். இரண்டு பேர் ஆளைக் கிடத்தக் கட்டிலையே தூக்கி வந்தார்கள், அதில் காயப்போட்ட வற்றல் மிளகாய் வழியெல்லாம் சிந்தியது. எல்லோருக்கும் முன்னால், பாதி முகத்தில் சோப்பு நுரையும் தலையில் பழைய ஹெல்மெட்டுமாக, எண்பத்தொரு வயது ஏனோக்.

இன்றைக்கு இவ்வளவு பேசுகிற சரோஜம்மா அன்று என்ன செய்தாள்? மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ, என் வூட்டுக்காரரு உள்ள கீறாரே!"

பக்கத்தில் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்த ராஜேந்திரன் கத்தினார். "அடியே, நான் இங்கதாண்டி கீறேன்! நான் ரிட்டையர் ஆயி இருவத்திரெண்டு வருசம் ஆவுது!"

"அப்ப இன்னாத்துக்கு ஓடறீங்க?"

"நீ இன்னாத்துக்கு ஓடற?"

இரண்டு பேரும் நிற்கவில்லை.

பள்ளிக்கூட கேட்டில் பிள்ளைகள் வெளியே வர, பென்ஷன்காரர்கள் உள்ளே போக, நடுவில் கட்டில் குறுக்கே மாட்டிக்கொண்டது. லவினா விசில் ஊதினாள். நெரிசல்தான் கூடியது. அவள் சொல்லித்தந்தபடி டீச்சர்கள் கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து வருகைப் பதிவைப் பார்த்தார்கள். நெட்வொர்க் இல்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏனோக் மைதானத்தின் நடுவில் நின்று குரல் கொடுத்தார். "உள்ள எத்தன பேரு பாக்கி?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் வரிசையை எண்ணினாள், இரண்டு பேர் கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் இரண்டு கூடுதல். மூச்சு வாங்கின பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் வரிசையோடு வரிசையாக நின்றிருந்தார்கள்.

அப்போது படிக்கட்டில் ஜெயசீலி வந்தாள். பின்னால் பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு மூடி கையில். அவள் அக்குளில் அந்தப் பலகை.

"மூணாம் க்ளாஸு," என்றாள். "காலையில முப்பத்தெட்டு. வெளிய வந்தது முப்பத்தேழு. இருவத்தொண்ணாம் நம்பர் பாக்கி."

பலகையில் ஒரே ஒரு ஆணியில் ஒரு பச்சை மூடி தொங்கியது. ஏனோக் அதைப் பார்த்தார். ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு மாடி ஏறினார். ஜெயசீலி கூட ஏறினாள். லவினாவும் ஓடினாள்.

இருபத்தொன்றாம் நம்பர் இந்து. கடைசி பெஞ்சுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் திறந்த டிபன் பாக்ஸ் நான்கு. ஒன்றும் அவளுடையது இல்லை. எலுமிச்சம்பழ சாதம் முடிந்து, யாரோ ஒருவரின் முட்டை தோசைக்கு வந்திருந்தாள்.

"மிஸ், எல்லாரும் போய்ட்டாங்க," என்றாள் வாய் நிறைய. "திரும்பி வர லேட் ஆவும்னு நெனச்சேன்."

ஏனோக் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்து, கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். நாற்பது பேரும் வந்த காரியம் முடிந்த திருப்தியில் அங்கேயே டீ கேட்டார்கள். மற்ற வகுப்புகளின் கணக்கு சேர மதியம் ஆனது.

சாயங்காலம் வீட்டில் ஏனோக் மீதிப் பாதி முகத்தை மழித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"ஒம்போது அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தாம்ப்பா." திட்டு விழும் என்று லவினா சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கொஞ்ச நேரம் மென்றார். "அடிச்சவன் நல்லா அடிச்சான். எடவெளி சரியா இருந்துச்சு." இன்னொரு கவளம் போனது. "அந்த டீச்சரம்மாவுக்கு எத்தன மார்க் போட்ட?"

"பதினேழு."

"இருவதுக்கா?"

"நாப்பதுக்கு."

ஏனோக் கரண்டியை எடுத்துத் தட்டில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அன்று லவினா தன் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது கட்டத்தையும் மேலிருந்து கீழே பார்த்தாள். கரும்பலகை எழுத்துக்குக் கட்டம் இருந்தது, குரலுக்கு இருந்தது, புடவை மடிப்புக்குக்கூட இருந்தது. எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரியுமா என்பதற்குக் கட்டமே இல்லை. நாற்பத்தொன்றாவது கட்டம் ஒன்று போட்டாள். அதற்குப் பத்து மார்க். ஜெயசீலிக்குப் பத்தும் கொடுத்தாள், மற்றவர்களுக்கு முட்டை. பலகைக்குக் குறைத்த இரண்டையும் திருப்பிப் போட்டாள். பதினேழு இருபத்தொன்பது ஆனது. அதுவரை முதலில் இருந்த கம்ப்யூட்டர் டீச்சருக்கு இருபத்தெட்டு. பூண்டுக்குக் குறைத்த இரண்டு மார்க்கை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிவாதம் அப்பன் வீட்டுச் சொத்து.

ஒத்திகை கெட்டது தன் தப்பு என்றும், யாருடைய வேலையையும் இந்தத் தாளை வைத்து எடுக்கக் கூடாது என்றும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனாள். ஆபீஸில் இசபெல்லா என்று ஒரு பெண் இருந்தாள், கடிதங்களை வாங்குகிறவள். அவளிடம் கொடுத்துவிட்டு மனோகர் அறைக்குள் போனாள்.

மனோகர் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட்டை டைப் அடித்து வைத்திருந்தார். புதன்கிழமை நடந்த கலாட்டாவுக்கெல்லாம் ஜெயசீலி சொன்ன பேச்சு கேட்காததுதான் காரணம், இனி அவள் வகுப்பு எடுக்கத் தகுதியில்லை என்று அதில் இருந்தது.

"இங்க ஒரு சைன் மேடம். பக்கத்துல பாருங்க, பங்காருபேட்டை, பேத்தமங்களா ரெண்டுக்கும் ஆர்டர் ரெடி."

லவினா இரண்டு தாளையும் பார்த்தாள். ஐந்நூறு கார்டு நினைவுக்கு வந்தது. விடியற்கால ரயிலில் கம்பியைப் பிடித்துத் தூங்கின ஆறு வருஷம் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"கலாட்டாவுக்குக் காரணம் நான் சார். மணி நான் சொன்னது."

"அது எனக்கும் தெரியும் மேடம். ஆனா நீங்கதான எழுதறீங்க? உங்கள நீங்களே ஏன் எழுதிக்கறீங்க?"

"எழுதியாச்சு சார். ஆபீஸ்ல குடுத்துட்டேன்."

மனோகர் நாற்காலியிலிருந்து எழும்பியதில் மேஜையே ஆடியது. "இசபெல்லா! மேடம் குடுத்த பேப்பர எடுத்துக்குனு வா. சீல் போடாத!"

இசபெல்லா வந்தாள். தாளில் ஊதா சீல் ஈரம் காயாமல் மின்னியது. நம்பர் போட்டு, தேதி போட்டு, ரெஜிஸ்டரில் ஏற்றி, ஃபைலில் ஒரு காப்பியும் வைத்திருந்தாள்.

"யார கேட்டு சீல் போட்ட?"

"மேடம்தான் சார் ட்ரெய்னிங்ல சொன்னாங்க. பேப்பர் வந்தா மொதல்ல சீல், அப்புறம் நம்பர், அதுக்கப்புறம்தான் சார் டேபிளுக்குன்னு. யார் சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னாங்க."

நான்கு மாதம் லவினா தொண்டை வற்றச் சொல்லித்தந்ததில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். அது போதுமாயிருந்தது. ரெஜிஸ்டரில் ஏறின தாளை ஆபீசர் வந்தால் பார்ப்பார். அதற்குமேல் வேறு மாதிரி எழுதி ஜெயசீலியை அனுப்ப மனோகரால் முடியாது.

"பங்காருபேட்டையும் போச்சு, பேத்தமங்களாவும் போச்சு மேடம்," என்றார் அவர். "யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுதான் சார் எழுதினேன்," என்றாள் லவினா. எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

கேட்டில் ஹரோல்ட் உட்கார்ந்திருந்தான். உள்ளே வருகிற வெளியாட்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நம்பர் போட்ட அட்டை கொடுப்பது அவன் வேலை. நான்கு மாதமாக லவினாவுக்கு நான்காம் நம்பர். அதைக் கழற்றி அவளே ஆணியில் மாட்டினாள்.

"இன்னா மேடம், பீரியட் முடியலையே?"

"நாலாம் நம்பர் வெளிய வந்தாச்சுண்ணே. எழுதிக்குங்க."

வெளியே வந்து பத்தடி நடந்ததும் செருப்பு வார் அறுந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அறும். காலை இழுத்து இழுத்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தலை குனிந்தது அதற்குத்தான். ஹரோல்ட் பின்னாலேயே ஓடி வந்தான், தோளில் அவள் கேட்டிலேயே வைத்து மறந்த, படம் காட்டுகிற பெட்டி.

"மேடம், உங்க சினிமா பொட்டிய வுட்டுட்டு போறீங்களே!"

ரேஷன் கடை மூலையில் நின்ற சரோஜம்மா பார்த்தது இவ்வளவுதான். மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடிவிட்டாள். இன்னும் அரை நிமிஷம் நின்றிருந்தால் மிச்சத்தையும் பார்த்திருப்பாள்.

இசபெல்லா வாய் சும்மா இருக்குமா? அதற்குள் சேதி மாடி ஏறிவிட்டது. இரண்டாம் மாடி ஜன்னலில் ஜெயசீலி தலை தெரிந்தது. அவளைச் சுற்றி மூன்றாம் வகுப்புத் தலைகள்.

"ஏம்மா லவினா! பூண்டுக்கு ரெண்டு மார்க் கொறச்சது கொறச்சதுதானாமே?"

லவினா அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். "ஆமா டீச்சர்! அது கொறச்சதுதான்!"

"நாயந்தான்!" என்றாள் ஜெயசீலி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடத்துக்குத் திரும்பினாள்.

லவினா ஒரு கால் செருப்போடு லைன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.